உங்களுக்குத் தெரியுமா? மலையிலிருந்து முகத்துவாரம் வரை

இந்த முறை விருதுநகர்ச் சீமையைச் சுற்றி ஒரு வட்டம். மேற்கே மலையில் தொடங்கி, வைப்பாற்றோடு இறங்கி, சிவகாசியில் கொஞ்சம் அதிக நேரம் நின்று, மன்னார் வளைகுடாவில் முடிக்கலாம். நடுநடுவே இயற்கையைக் காகிதத்திலும் கணினியிலும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் மாதிரி செய்து பார்த்தவர்களின் கதைகளும் வரும். அவர்களில் பலரைக் கவிழ்த்தது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கணக்கில் எழுத மறந்த ஏதோ ஒரு சின்ன வரிதான்.

● சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொடுத்ததே மழை இல்லாத குறைதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டும்போது ஈரம் இழந்து வறண்ட காற்றாகக் கீழே இறங்கும். அதனால் மலைக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் கரிசல் பூமி மழைமறைவுப் பகுதி. தீப்பெட்டித் தொழிலில் குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய தாள் காய வேண்டும். விவசாயியை விரட்டிய வெயில் இவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டே சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பட்டாசு அதற்குப் பின்னால் வந்தது.

● தீக்குச்சிக்கு ஏற்ற மென்மரம் கரிசலில் விளையாது. குச்சி பெரும்பாலும் கேரளத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை மரமாகி, குச்சியாகி, மழை பெய்யாத பக்கத்தில் தீப்பெட்டிக்குள் அடைபட்டது! ஓர் ஊர் தன் எல்லைக்கு வெளியே எவ்வளவு நிலத்தைத் தின்கிறது என்று கணக்கிடும் முறைக்குச் சூழலியல் காலடித்தடம் என்று பெயர். கனடாவில் வில்லியம் ரீஸும் மத்தீஸ் வாக்கர்நாகலும் 1990-களில் உருவாக்கியது. சிவகாசியின் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கணக்கு கேரளத்தைக் காட்டும்.

● உயிர்களையும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1935-ல் எழுதியவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். சூழல் மண்டலம் என்று இன்று பள்ளிப் பாடத்தில் வருவது அவர் வைத்த பெயரின் தமிழ் வடிவம். அதே கட்டுரையில் மனிதனின் வேலைகளையும் வெளியே நிறுத்தாமல் உள்ளே சேர்த்துத்தான் ஆராய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். முதல் பாதியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

● யானையும் சிறுத்தையும் திரியும் ஒரு காட்டுக்கு அணிலின் பெயரை வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். 1988-ல் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் அமைந்த சாம்பல் நிற மலை அணில் சரணாலயம் அது. நரை விழுந்தது போன்ற உடலும் உடம்பளவுக்கு நீண்ட வாலும் கொண்ட இந்த அணில் உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இந்தியாவில் இது அதிகமாக வாழும் இடம் இந்த மலையடிவாரம்தான். செண்பகத்தோப்புப் பக்கமும் ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கமும் அண்ணாந்து நடந்தால் கண்ணில் படலாம்.

இது மரத்தை விட்டுத் தரைக்கு இறங்குவதே அபூர்வம். உணவு தேடுவதும் கூடு கட்டுவதும் துணை தேடுவதும் கிளை விட்டுக் கிளை தாவியே. ஆகவே எத்தனை மரம் நிற்கிறது என்ற எண்ணிக்கை இதற்குப் பாதிக் கணக்குதான். ஒரு மரத்தின் கிளைக்கும் அடுத்த மரத்தின் கிளைக்கும் எவ்வளவு இடைவெளி என்பது மறுபாதி. அடர்ந்த தோப்பின் நடுவே அகலமாக ஒரு பாதை போட்டால், வெட்டிய மரம் பத்தாக இருக்கலாம். அணிலுக்கு ஊர் இரண்டாகிவிடும். சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் புளியந்தோப்பும் மாந்தோப்பும் இதற்கு வீடுதான். வரைபடத்தில் போட்ட கோடு அணிலுக்குத் தெரியாது, தோப்புக்காரருக்குத் தெரியும். மகசூலில் பங்கு கேட்க வரும் விருந்தாளியை அவர் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்வார் என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

● இடைவெளியின் மகிமையை ஆரஞ்சுப் பழத்தை வைத்து நிரூபித்தவர் கார்ல் ஹஃபேக்கர். 1958-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மேடையில் ஆரஞ்சுப் பழங்களையும் ரப்பர் பந்துகளையும் அடுக்கினார். பழத்தைத் தின்னும் சிலந்திப்பேன், அந்தப் பேனைத் தின்னும் இன்னொரு பேன், இரண்டையும் விட்டார். பழங்கள் நெருக்கமாக இருந்தபோது வேட்டைப்பேன் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியில் செத்தது. பிறகு வாசலின் தடவித் தடுப்புகள் போட்டார். இரையாகும் பேன் நூல் விட்டுக் காற்றில் பறந்து தப்பிக்கச் சின்னக் குச்சிகளை நட்டார். வேட்டைப்பேனுக்கு அந்த வித்தை வராது. இப்போது இரண்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூன்று சுற்று தாக்குப்பிடித்தன. ஒளிய இடமும் ஓட வழியும் இருந்தால்தான் இரைக்கும் வாழ்வு, வேட்டையாடிக்கும் வாழ்வு. காட்டின் பரப்பை மட்டும் சதுர கிலோமீட்டரில் சொல்லிவிட்டு நிறுத்துகிற அறிக்கைகளில் இந்த வாசலினும் குச்சியும் இருக்காது.

● ஒரு காட்டில் பத்தில் ஒன்பது பங்கை அழித்தால் உயிரினங்களில் பாதி காணாமல் போகும். ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் இருவரும் 1967-ல் புத்தகமாக்கிய தீவுக் கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் தோராயக் கணக்கு இது. கோட்பாட்டைச் சோதிக்க வில்சனும் அவருடைய மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் செய்ததுதான் வேடிக்கை. ஃப்ளோரிடாவில் சின்னச் சின்ன அலையாத்தித் தீவுகளைக் கூடாரத்தால் மூடி, வீடுகளுக்குக் கரையான் மருந்தடிக்கும் ஆட்களைக் கூட்டிப்போய்ப் புகை போட்டுப் பூச்சிகளை ஒன்றுவிடாமல் கொன்றார்கள். ஓராண்டு வாக்கில் இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் வந்து குடியேறியவை எல்லாம் முன்பு இருந்த அதே இனங்கள் இல்லை.

● ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 5-வது, இந்தியாவில் 51-வது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதைக் கேட்டவர்கள் புலிக்காக மட்டும் கேட்கவில்லை, வைகைக்காகவும் கேட்டார்கள். ஆறு பிறக்கும் காடு பிழைத்தால்தான் மதுரைக்குக் குடிநீர்.

● காட்டுக்குள் புலியை எண்ணுவது எப்படி? எல்லாப் புலியையும் பார்க்கவே வேண்டாம். முதல் சுற்றில் தானியங்கிக் கேமராவில் 20 புலிகள் சிக்கின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வரியும் வேறு என்பதால் ஆளை அடையாளம் தெரியும். இரண்டாம் சுற்றில் மறுபடி 20 சிக்கின. அதில் 10 பழைய முகங்கள். அப்படியென்றால் காட்டில் இருக்கும் புலிகளில் பாதியை முதல் சுற்றில் பிடித்திருக்கிறோம். மொத்தம் 40. இன்றைய முறை இதைவிடச் சிக்கலானது என்றாலும் அடிப்படை இவ்வளவுதான். 1990-களில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் இதைப் புலிக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3,682 என்றும் தமிழ்நாட்டில் 306 என்றும் வந்தது இந்தக் கேமரா வழியில்தான். பார்க்காத புலியைக் கணக்கில் கொண்டுவருவதற்கும் ஒரு கணக்கு இருப்பது, சந்தேகப் பிராணிகளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

● மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களாக, மொத்தம் சுமார் 2,200 கட்டங்களாகப் பிரித்து மதிப்பெண் போட்டது மாதவ் காட்கில் குழு. 2011-ல் கொடுத்த அந்த அறிக்கையைச் சுருக்கி 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு, மலையில் 37 விழுக்காட்டைக் கவனமாகக் காக்க வேண்டிய பகுதி என்றது. கட்டத்துக்குள் விழுந்தவர்களும் விழாதவர்களும் இன்றுவரை சண்டை.

● மலையை விட்டு இறங்கிவிட்டோம். கண்மாய்களுக்கு வருவோம். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழே இருக்கும் கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கும் கீழே. இந்தத் தொடரில் ஒன்றைத் தனியாக எடுத்து ஆழமாக வெட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் நிறையப் பிடிக்கும், படம் எடுக்க அழகாகவும் இருக்கும். ஆனால் மடையின் மட்டத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீர் வயலுக்குத் தானாக ஏறி வராது. மேலே உள்ளது நிறையத் தாமதமாவதால் கீழே உள்ளவர்கள் மறுகாலுக்காக வானத்தைப் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு இந்த வெயிலில் திறந்து கிடக்கும் தண்ணீரிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகப் போகும். வெட்டிய வண்டலை வயலுக்கு அடித்தவர்களுக்கு லாபம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. தூர்வாரும் திட்டம் போடுகிறவர்கள் கன அளவைப் பார்ப்பதோடு, அந்த ஊர் நீர்ப்பாய்ச்சியிடம் கால் மணி நேரம் பேசினால் மடை மட்டமும் கணக்கில் வந்துவிடும்.

● சீமைக்கருவேலம் 1877 வாக்கில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது, விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக. மருந்து வேலை செய்தது, நிறுத்தத்தான் தெரியவில்லை. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் பொக்லைன்கள் கிளம்பின. அதே ஆண்டில் அந்த வேலைக்கு நீதிமன்றமே தடையும் போட்டது. வேரோடு எடுக்காமல் தூரோடு வெட்டினால் இரண்டு மழையில் பழையபடி தழைக்கும். எடுத்த இடத்தில் வேறு எதையும் நடாவிட்டால், ஆட்டுப் புழுக்கையில் வரும் விதை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மழை பொய்த்த ஆண்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் இந்தக் கணக்கில் உண்டு. மரத்தை மட்டும் வில்லனாக்குவது எளிது.

● மயில் தொல்லை என்று மனுக் கொடுக்காத மானாவாரி விவசாயியை இந்தப் பக்கம் பார்ப்பது கடினம். முட்டையையும் குஞ்சையும் தின்ன நரி குறைந்தது, பதுங்கக் கருவேலங்காடு பெருகியது என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். நிரூபிக்க ஆராய்ச்சி வேண்டும், சரிதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

● முதல் உலகப்போர் நடந்தபோது இத்தாலியக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. போர் முடிந்து சந்தைப் பதிவேடுகளைப் புரட்டிய உம்பெர்த்தோ தான்கோனா திகைத்துப் போனார். ஃபியூமே துறைமுகத்தில் வந்திறங்கியவற்றில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு 1914-ல் 11.9 விழுக்காடு, 1918-ல் 36.4. வலை குறைந்தால் எல்லா மீனும் சமமாகப் பெருகத்தானே வேண்டும்? அவர் தன் வருங்கால மாமனாரிடம் கேட்டார். மாமனார் வீத்தோ வோல்ட்டெர்ரா, பெரிய கணித மேதை. அவர் 1926-ல் இரண்டே சமன்பாடுகளில் விடை சொன்னார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா தனியாக அதே சமன்பாட்டை முந்தைய ஆண்டே எழுதியிருந்தார்.

விடை இதுதான். இரையையும் வேட்டையாடியையும் ஒரே விகிதத்தில் கொன்றால், லாபம் இரைக்கு. வேட்டையாடிக்கு இரண்டு அடி: தானும் சாகிறது, தின்ன இரையும் குறைகிறது. மீன்வலைக்குப் பதில் பூச்சிமருந்து என்று போட்டுப் பாருங்கள். பருத்தியில் பூச்சியும், பூச்சியைத் தின்னும் பூச்சியும் சேர்ந்து செத்தால், முதலில் மீண்டு வருவது பருத்தியைத் தின்னும் பூச்சிதான். மருந்து அடித்த மூன்றாம் வாரம் முன்பைவிட அதிகமாக மொய்ப்பதைப் பார்த்த கரிசல் சம்சாரிக்கு வோல்ட்டெர்ரா புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஏன் என்பதைத்தான் சொன்னார்.

● கைப்பேசியில் கணக்குப்பொறியைத் திறங்கள். 0.2-ல் தொடங்குங்கள். அந்த எண்ணையும், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதையும், 2.5-ஐயும் பெருக்குங்கள்: 0.4. விடையை வைத்து மறுபடி அதையே செய்தால் 0.6. மறுபடியும் 0.6. அதற்குமேல் அசையாது. இப்போது 2.5-க்குப் பதில் 3.9 போட்டுத் தொடருங்கள். எண்கள் பேயாட்டம் ஆடும், ஒன்றுபோல் ஒன்று வராது. பூச்சிக் கூட்டத்தின் பெருக்கத்துக்கான இந்தச் சின்னச் சூத்திரத்தை வைத்து ராபர்ட் மே 1976-ல் எழுதிய கட்டுரை அறிவியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. விதி எளிதாக இருந்தாலே வருங்காலத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அதோடு போனது.

● இனி சிவகாசிப் பட்டாசின் நிறங்கள். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்கு தாமிரம், கண்ணைப் பறிக்கும் வெள்ளைக்கு அலுமினியம். நல்ல நீலம் வரவைப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமம்; சூடு கூடினால் நிறம் கொடுக்கும் தாமிரச் சேர்மம் உடைந்துவிடும்.

பேரியம் நைட்ரேட்டை ஆலைகளில் பச்சை உப்பு என்பார்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் அதைத் தடைசெய்தபோது, பச்சை வெளிச்சம் ஒன்று போனால் போகட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் எல்லாவற்றிலும் தீ எரிய ஆக்சிஜன் கொடுத்துவந்ததும் அதே உப்புதான். நிறத்தைத் தடுப்பதாக நினைத்த இடத்தில், சிறுவர்கள் கொளுத்தும் ரகங்களின் முதுகெலும்பே போய்விட்டது. சரவெடிக்கும் அதே தீர்ப்பில் தடை. வழக்கைத் தொடுத்தவர்கள் யார் தெரியுமா? டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகள், 2015-ல் தங்கள் தந்தையர் வழியாக.

● பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் உருவாக்கிய கலவைகளின் இலக்கு, நுண்துகளைச் சுமார் 30 விழுக்காடு குறைப்பது. ஸ்வாஸ் என்ற ரகம் வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியைக் கொஞ்சம் அமுக்கும். ஸஃபல் ரகத்தில் அலுமினியம் குறைவு. ஸ்டார் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நல்ல வேலைதான். ஆனால் 30 விழுக்காடு என்பது ஒரு வெடிக்கான கணக்கு, ஓர் இரவுக்கான கணக்கு இல்லை. போன ஆண்டு பத்து வெடித்தவர், பசுமைதானே என்ற தைரியத்தில் பதினைந்து வெடித்தால், பழைய பத்தை அது தாண்டிவிடும்: 15 × 0.7 = 10.5.

● ஒரே சரத்தை நண்பகலில் வெடித்தாலும் இரவில் வெடித்தாலும் வெளியேறும் புகை ஒன்றுதான். மூக்குக்கு வரும் அளவு வேறு. காற்று மாதிரி செய்பவர்கள் ஊரை ஒரு பெட்டியாக வைத்துக்கொள்வார்கள். பெட்டியின் மூடிதான் புகை மேலே கலந்து பரவக்கூடிய உயரம். வெயில் அடிக்கும்போது தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பும், மூடி ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். பொழுது சாய்ந்தால் சில நூறு மீட்டருக்கு இறங்கிவிடும். குளிர்ந்து அசையாத டெல்லி இரவில் இன்னும் கீழே. சென்னைக்குக் கடற்காற்று பக்கவாட்டில் ஜன்னல் திறக்கிறது. 2018-ல் தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தது. பெட்டிக் கணக்குப்படி பகல் பன்னிரண்டு மணிதான் உத்தமம். உச்சி வெயிலில் புஸ்வாணம் கொளுத்தி யார் பார்ப்பது?

● தீபாவளியை ஒட்டி மழை கொட்டினால் காற்றுக்கு நல்லது, விற்காத சரக்கைத் திருப்பி அடுக்கும் கடைக்காரருக்குக் கெட்டது.

● பட்டாசின் மாசுக் கணக்கு பெரும்பாலும் வெடிக்கும் ஊரில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ஆண்டு முழுவதும் அலுமினியத் தூளையும் கந்தகத்தையும் கையில் தொட்டு, முகத்தில் பூசி, மூச்சில் இழுக்கும் ஆட்களும், ஆலைக் கழிவை எரிக்கும் குழிகளும் இருக்கும் ஊர்கள் அந்த வரைபடத்தில் வெற்றிடம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் இல்லை. காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்க வந்தவர்கள்.

● நெதர்லாந்தில் புத்தாண்டு பிறந்த சில நிமிடங்களில் மழையைப் பார்க்கும் ரேடாரில் மேகம் போல ஒன்று எழும்பும். மழை இல்லை, பறவைகள். வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் கிளம்பி 500 மீட்டர் உயரம் வரை இருட்டில் பறக்கின்றன. வானிலைக்காரர்கள் குப்பை என்று ஒதுக்கிய புள்ளிகளை எடுத்துத்தான் 2011-ல் இதை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பீபி என்ற ஊரில் 2010-ன் கடைசி இரவு சில ஆயிரம் கரும்பறவைகள் வீடுகளிலும் மரங்களிலும் மோதித் தெருவெங்கும் விழுந்து கிடந்தன.

ரேடார் இல்லாமலே இதைப் புரிந்துகொண்ட ஊர் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி. பக்கத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். ஐப்பசியில் வலசைப் பறவைகள் கூடு கட்டும் நேரம் என்பதால் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. நாரையின் எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுடைய ஐந்தொகையில் வரவுப் பக்கம் ஏறியிருக்கிறது.

● வாணவேடிக்கை நடந்த ஏரியில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள், ஓக்லஹோமா மாநிலத்து ஏடா என்ற ஊரில். 2007-ல் வெளியான ஆய்வு. பட்டாசில் பயன்படும் பெர்குளோரேட் உப்பு, வழக்கமான அளவைப்போல 24 மடங்கிலிருந்து 1,028 மடங்கு வரை ஓர் இரவில் ஏறியிருந்தது. பழைய நிலைக்கு வர 20 முதல் 80 நாள் ஆனது, நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகு. உடலில் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் உப்பு இது. நம் ஊர்க் கண்மாயில் தீபாவளிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது, கல்லூரி வேதியியல் மாணவர்களுக்கு அருமையான திட்ட வேலையாகும்.

● அரிசோனா பாலைவனத்தில் மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் கண்ணாடிக் கூண்டு கட்டி, அதற்குள் காடு, புல்வெளி, குட்டிக் கடல், வயல் எல்லாம் வைத்து, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பெயர் பயோஸ்பியர் 2. (முதலாவது, நாம் இருக்கும் பூமி.) திட்டம் இரண்டு ஆண்டு. சில மாதங்களிலேயே ஆக்சிஜன் குறையத் தொடங்கியது. 21 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது 14-க்கு இறங்கியது. நாலாயிரம் மீட்டர் உயர மலையில் இருப்பது போல மூச்சு வாங்கியபடி வயலில் வேலை செய்தார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டி வந்தது.

காரணம், பயிர் செழிக்கட்டும் என்று தாராளமாகப் போட்ட தொழு உரம்! அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சிக் கரியமில வாயுவை விட்டன. சரி, அப்படியானால் கரியமில வாயு அந்த அளவுக்கு ஏறியிருக்க வேண்டுமே, ஏன் ஏறவில்லை? அதுதான் துப்பறியும் கதை. கூண்டுக்குள் இருந்த புதுக் கான்கிரீட் சுவர்கள் அதை இழுத்துச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தன. காட்டையும் கடலையும் கணக்கில் எழுதியவர்கள் சுவரை எழுத மறந்துவிட்டார்கள். மகரந்தம் கடத்தும் பூச்சிகள் பெரும்பாலும் செத்துப்போக, எறும்பும் கரப்பானும் சக்கைப் போடு போட்டன.

● கழுகு இனத்தில் பிணந்தின்னிகள் இந்தியாவில் சரிந்ததற்கு, மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் காரணம் என்று 2004-ல் தெரிந்தது. எத்தனை செத்த மாட்டில் அந்த மருந்து இருந்திருந்தால் இவ்வளவு பெரிய அழிவு வரும்? எல்லோரும் பாதிக்குப் பாதி என்று நினைப்போம். ரீஸ் கிரீன் குழு போட்ட மாதிரிக் கணக்கில் வந்தது 130-ல் ஒன்று முதல் 760-ல் ஒன்று வரை. அதுவே போதும். மெதுவாகக் குஞ்சு பொரிக்கும், கூட்டமாகத் தின்னும் பறவைக்கு நூற்றில் ஒன்றுகூட அதிகம். கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா 2006-ல் தடைசெய்தது. கழுகு குறைந்து தெருநாயும் கெட்ட தண்ணீரும் பெருகியதால் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்பது 2024-ல் பொருளாதார அறிஞர்கள் இருவர் போட்ட கணக்கு.

● உலகத்தையே ஐந்து பாத்திரங்களாக வைத்துக் கணினியில் ஓடவிட்டது 1972-ல் வந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்ற நூல். மக்கள்தொகை, உணவு, தொழில், கனிவளம், மாசு. வழக்கம்போல் போனால் நூறு ஆண்டுக்குள் வளர்ச்சி நின்று சரியும் என்றது. அது தெரிந்த விஷயம். தெரியாதது: கனிவளத்தை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓடவிட்டார்கள். அப்போதும் சரிந்தது, இந்த முறை மாசால். நூலை எழுதிய டொனெல்லா மெடோஸ் குழு ஆரூடம் சொல்வதாக எங்கும் உரிமை கொண்டாடவில்லை. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காட்டியதாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் தேதி தவறிவிட்டது என்று ஐம்பது ஆண்டாகத் திட்டு வாங்குகிறது.

● பூமியில் உள்ள பாலூட்டிகளை எல்லாம் எடை போட்டால்: வளர்ப்புக் கால்நடை 60 விழுக்காடு, மனிதர் 36, யானை முதல் திமிங்கிலம் வரை அத்தனை காட்டுயிரும் சேர்த்து 4. 2018 கணக்கு.

● கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஐந்நூறு ஆண்டாகப் பிடித்துவந்த காட் மீனுக்கு 1992 ஜூலை 2 அன்று தடை விழுந்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது. மீன்வளத் துறை மாதிரிக் கணக்கு வைத்திருக்கவில்லையா? வைத்திருந்தது. இழுவைப் படகுகள் ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் அளவையும் வைத்து மீன் இருப்பை மதிப்பிட்டார்கள். மீன் குறையக் குறைய மிச்சம் இருந்தவை ஒரே இடத்தில் கூடின, படகுகளுக்கு நல்ல கருவிகளும் கிடைத்தன. வலை நிறைந்தே வந்தது, கடல் காலியாகிக்கொண்டிருந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. 2017 வரை அது 45 நாளாக இருந்தது.

● வைப்பாறு சாத்தூரைத் தாண்டி, இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். போய் எண்ணினால் 19. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அலையை உடைத்துத் தீவைக் காத்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் வெட்டி எடுத்து, பாறை இருந்த இடத்தில் அலை நேரே மணலில் மோதத் தொடங்கியதே முக்கியக் காரணம். தூத்துக்குடிக்குப் பக்கத்து வான் தீவும் அதே வழியில் போய், 2013-ல் இரண்டாகப் பிளந்தது. 2015-லிருந்து சென்னை ஐஐடி வடிவமைத்த துளையிட்ட கான்கிரீட் கட்டிகளைச் சுற்றிலும் இறக்கினார்கள். அலை உடைந்து மணல் ஒதுங்க ஆரம்பித்தது, கட்டியில் பவளமும் மீனும் குடியேறின, தீவு கொஞ்சம் அகலமானது. சுருங்கிக்கொண்டே போகும் காரியாச்சல்லித் தீவுக்கும் இப்போது அதே வழியைக் கையில் எடுத்திருக்கிறது மாநில அரசு.